நடுப்பனி

மைனஸ் இருபத்திரண்டு.
கதவுக்கு மேல் சிவப்பு எண்கள்.
செனோக்கோவில் எங்கள் கிடங்குக்கு
இது ஒன்றுதான் பருவம்.

முன்பனி உண்டு, பின்பனி உண்டு.
இரண்டுக்கும் நடுவே
முடியவே முடியாத ஒன்று இருப்பதைப்
பெரும்பொழுதுகளை எண்ணியவர்கள்
எழுதாமல் விட்டுவிட்டார்கள்.
எட்டு வருஷமாய் அதில்தான் எனக்கு வேலை.

நாற்பது நிமிடம் உள்ளே, இருபது நிமிடம் வெளியே.
அதற்கு மேல் நின்றால்
விரல்கள் வேறு யாருடையதோ ஆகிவிடும்.
என் மூச்சே என் இமைமயிரில்
வெள்ளையாய்ப் படியும்.
அட்டையில் இடம் போதாமல்
'மங்கையர்' என்று நின்றுபோன பெயர்
ஜாக்கெட்டின் மேல் விறைத்துக் கிடக்கும்.

உள்ளே என்ன பச்சை இல்லை?
முருங்கைக்கீரை, முந்நூறு கிராம் பொட்டலம்.
பட்டாணி. பாண்டான் இலை.
கட்டுக்கட்டாய் வாழையிலை, மடித்தால் ஒடியும்.
டுரியான் சுளை, ஆனால் வாசனை இல்லாமல்.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.
ரயிலில் ஏறக்கூடாது என்று
படம் போட்டுத் தடுத்த பழம்
இங்கே மூன்றாவது அடுக்கில்
நல்ல பிள்ளையாய் உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் ஒரு கீரைப் பொட்டலத்தில்
கண்ணாடித்தாளுக்கு அடியில்
இலைகளோடு ஓர் எறும்பு.
ஒரு கால் தூக்கியபடி,
அடுத்த அடி வைப்பதற்குள் உறைந்தது.
ரோஸ்லான் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு வந்து
குனிந்து பார்த்தார். நெடுநேரம்.
"பாவம், எங்கேயோ போய்க்கொண்டிருந்திருக்கிறது" என்றார்.
குறைபாட்டுப் படிவத்தை
இருவரில் ஒருவரும் எடுக்கவில்லை.

இருபது நிமிடத்தில் பதினொன்றை
வேலியோரத் தெம்புசு மரத்துக்குக் கொடுக்கிறேன்.
மற்றவர்கள் மைலோ குடிக்கிறார்கள்.
நான் இரண்டு கையுறைகளையும் கழற்றி
உள்ளங்கையைப் பட்டையில் வைக்கிறேன்.
முதலில் ஒன்றும் தெரியாது.
பிறகு ஊசி குத்தும்.
பிறகுதான் மரம் வரும்:
வெடிப்பு வெடிப்பாய், பகல் வெயிலை
நள்ளிரவு வரை வைத்திருக்கும் மரம்.
அது பூத்திருந்த வாரம்
தெருவே மணத்ததாம்.
என் மூக்கு திரும்பி வர ஆறு நிமிடமாகும்.
ஒவ்வோர் இடைவேளையும்
கடைசி ஐந்து நிமிட மணத்துக்காக
மரத்தடியில் காத்து நின்றேன்,
தாமதமாக வரும் என்னையே எதிர்பார்த்து.

விடுமுறை நாளில் சுங்கை பூலோ.
மரச்சுவரில் வெட்டிய சன்னல் வழியே
வற்றிய கழியில் உப்புக்கொத்திகள்.
சைபீரியப் பனிக்குத் தப்பி வந்தவை என்றாள்
தொலைநோக்கி வைத்திருந்த சின்னப்பெண்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
எத்தனை கடல் தாண்டி
எந்தப் பனியை விட்டு நீ ஓடி வந்தாயோ
அதற்குள் போகத்தான்
நான் தினமும் பேருந்து பிடிக்கிறேன்.

பறவை சேற்றைக் கொத்தியது.
ஓடியது. நின்றது. மறுபடி கொத்தியது.
அதன் கால்களில் ஏறியிருக்கும்
அந்த வெதுவெதுப்பான சேற்றின் மேல்
இந்த வயதில் எனக்குப் பொறாமை.
பங்குனி வந்தால் திரும்பிவிடுமாம்.
திரும்பட்டும். நானும்தான் திரும்புகிறேன்,
அன்றிரவே ஏழு மணிக்கு.

இன்று விடிகாலை மழை விட்டிருந்தது.
ஏற்றுமேடையிலிருந்து நேரே மரத்தடிக்குப் போனேன்.
சட்டைக்கையில் ஒட்டியிருந்த உறைபனி
இளகி, விரல்நுனிக்கு இறங்கி,
வேர்மேட்டில் சொட்டியது.
அரைக் கரண்டி இருக்கும்.
இந்த மரம் தன் ஆயுளில் கண்ட
பனிக்காலம் அவ்வளவுதான்.

எறும்பு ஒன்று வரிசையை விட்டு வந்தது.
மீசையால் அதைத் தொட்டது.
வெடுக்கென்று பின்வாங்கி,
சுற்றிக்கொண்டு
தன் வழியே போனது.
நான் வழிவிட்டு நின்றேன்.